பால் உறைதலும் பனி உறைதலும்

முன்னுரை

'உறைதல்' என்னும் ஒரு சொல்லுக்குத் தமிழில் பல பொருள்கள் உள. ஓரிடத்தில் தங்கி வாழ்தல் உறைதல் ஆகும்; உறைவிடம், உறையுள் என்னும் சொற்கள் அப்பொருளில் வந்தவை. பால் இறுகித் தயிராதலும் உறைதலே. பாலில் இடும் சிறிதளவு மோரை உறைமோர் என்று நம் தாய்மார் வழங்குவர். நீர் குளிரால் இறுகிப் பனிக்கட்டியாதலும் உறைதலே. இம்மூன்று உறைதல்களும் இன்று நம் வீட்டிலேயே நிகழ்கின்றன. சொல்லாராய்ச்சி இக்கட்டுரையின் நோக்கமன்று. பாலையும் பால்பொருள்களையும் வீட்டில் உறைய வைப்பது எவ்வாறு, மீண்டும் இளக்குவது எவ்வாறு, எவை உறைதலைத் தாங்கும், எவை தாங்கா, தீங்கு எவ்விடத்தில் நுழையும் என்பவற்றை விளக்குவதே நோக்கம். ஆயினும் அம்மூன்று பொருள்களையும் மனத்தில் இருத்திக்கொண்டால் இவ்விளக்கம் எளிதில் விளங்கும்.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஒருவர் இப்பொருளை எடுத்துக்கொண்டதேன் என்று வியப்போர் உண்டு. அதற்குக் காரணம் என் வீட்டில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்தில் நடந்த விருந்தொன்றில் அரிசிப் பாயசம் மிகுதியாக எஞ்சியது. அத்தனை பாலும் சர்க்கரையும் வீணாவதைக் காணப் பொறாமல், நண்பகல் முதல் கூடத்தில் இருந்த அந்தப் பாத்திரத்தை இரவில் அப்படியே ஃபிரீசர் எனப்படும் உறைபெட்டியில் வைத்தவன் நானே. பத்து நாள் கழித்து, விடியற்காலையில் அதை எடுத்து அடுக்களை மேடைமேல் வைத்தேன். நண்பகலில் இளகியிருந்தது. நன்கு கொதிக்க வைத்தே பரிமாறினோம். மாலைக்குள் வீட்டில் நால்வருக்கு வாந்தி. இளைய மகளுக்கு இரவு முழுவதும் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. "கொதிக்க வைத்துத்தானே கொடுத்தோம்" என்று மருத்துவரிடம் முறையிட்டேன். "கொதிக்க வைத்தது கிருமியைக் கொன்றிருக்கும் சார். அது விட்டுப்போன நஞ்சை என்ன செய்தீர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

மாற்றிக் காத்தலும் நிறுத்திக் காத்தலும்

பால் விரைந்து கெடும் பொருள். நம் முன்னோர் அதனைக் காத்த முறை, அதனை வேறொன்றாக மாற்றுவதாகும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, ஆய்மகள் ஒருத்தி தயிர் கடைந்து, மோர் விற்று, நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாது எருமையைக் கொள்ளும் காட்சியைக் காட்டுகிறது. அக்காட்சியில் ஒரு பொருளியலும் உண்டு; ஓர் உணவியலும் உண்டு. பால் ஒரு பொழுது நிற்கும். தயிர் ஓரிரு நாள் நிற்கும். வெண்ணெய் சில நாள் நிற்கும். உருக்கிய நெய் பல திங்கள் நிற்கும். தயிராகும்போது பாலில் தோன்றும் புளிப்பு, கேடு செய்யும் நுண்ணுயிர்கள் பலவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. நெய்யாகும்போது நீர் ஏறக்குறைய முற்றும் நீங்குகிறது. நீரின்றி நுண்ணுயிர் பெருகாது. இவ்வாறு படிப்படியாக மாற்றிக் காத்தலே பழைய நெறி.

புதிய நெறி, மாற்றாமல் நிறுத்திக் காத்தல். குளிரால் பொருளை அப்படியே நிற்கச் செய்வது அது. நம் நாட்டில் இந்நெறிக்கும் பழைமை உண்டு. பேரரசர் அக்பரின் அவையில் நீரைக் குளிர்விக்க வெடியுப்பைப் பயன்படுத்தியதையும், மலைப் பகுதிகளிலிருந்து பனி கொண்டுவரப்பட்டதையும் அபுல் ஃபசல் இயற்றிய அயினி அக்பரி குறிப்பிடுகிறது. 1833ஆம் ஆண்டில் அமெரிக்க வணிகர் ஃபிரடரிக் டூடர், பாஸ்டன் நகரிலிருந்து பனிக்கட்டிகளைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவ்வணிகத்துக்காகச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த கிடங்கே ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றிருப்பினும், அப்பகுதிக்குப் பழைய பெயர் இன்றும் வழங்குகிறது. எந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவியதும் கப்பற்பனி வணிகம் மறைந்தது. அன்று கடல் கடந்து வந்த அரும்பொருளை இன்று நம் வீட்டுப் பெட்டி நாள்தோறும் ஆக்கித் தருகிறது.

இவ்விரு நெறிகளுக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. மாற்றிக் காக்கும் நெறி, பாலின் இயல்பையே மாற்றித் தீங்கைத் தடுக்கிறது. நிறுத்திக் காக்கும் நெறி, எந்த நிலையில் பொருள் உள்ளே சென்றதோ அந்த நிலையில் அதனை நிறுத்துகிறது, அவ்வளவே. நல்லதாய்ச் சென்றது நல்லதாய் நிற்கும். பாதி கெட்டது பாதி கெட்டதாகவே நிற்கும். உறைபெட்டி கெட்டதைத் திருத்தும் இடமன்று.

பாலின் உள்ளமைப்பு

கண்ணுக்கு ஒரே வெண்மையாகத் தோன்றும் பால், உண்மையில் பல பொருள்களின் கூட்டு. பசுவின் பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். எஞ்சியவை கொழுப்பு, புரதம், லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை, உப்புகள் ஆகியன. எருமைப் பாலில் நீர் சற்றுக் குறைவு, கொழுப்பு மிகுதி. கடையில் வாங்கும் பாலில், டோன்டு எனப்படும் வகையில் 3 விழுக்காடும், நிலைப்படுத்திய வகையில் 4.5 விழுக்காடும், முழுக்கொழுப்பு வகையில் 6 விழுக்காடும் கொழுப்பு இருத்தல் வேண்டும் என்பது இந்திய உணவுத் தர விதி.

இக்கொழுப்பு பாலில் எண்ணெய்போல் மிதப்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாத சிறுசிறு உருண்டைகளாக, ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய சவ்வால் போர்த்தப்பட்டு, நீரிடையே பரவி நிற்கிறது. கேசீன் என்னும் புரதமும் நுண்ணிய திரள்களாக நீரில் மிதக்கிறது. கொழுப்பும் புரதமும் ஒன்றோடொன்று ஒட்டாது தனித்தனியே பரவி நிற்பதனாலேயே பால் பாலாக இருக்கிறது. உறைமோர் இட்ட பாலில் நடப்பதென்ன? மோரிலுள்ள நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையை உண்டு புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்பு மிகுந்ததும் கேசீன் திரள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு வலைபோல் பின்னுகின்றன. அவ்வலைக்குள் நீரும் கொழுப்பும் சிறைப்படுகின்றன. அதுவே தயிர். எனவே தயிரின் உறைதல் புரதத்தால் நிகழ்வது. பனியின் உறைதலோ நீரால் நிகழ்வது. சொல் ஒன்றாயினும் செயல் வேறு.

பனி செய்யும் மூன்று செயல்கள்

பால் ஏறத்தாழ சுழிக்குக் கீழ் அரை டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்குகிறது. அப்போது மூன்று செயல்கள் நிகழ்கின்றன.

முதலாவது, விரிதல். பெரும்பாலான பொருள்கள் குளிரச் சுருங்கும். நீரோ பனியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். இதனாலேயே விளிம்புவரை நிரப்பிய கண்ணாடிப் புட்டி உறைபெட்டியில் வெடிக்கிறது. வெளியே புட்டி உடைவதுபோல், உள்ளே கொழுப்பு உருண்டைகளின் சவ்வும் பனிப்படிகங்களின் நெருக்கத்தால் கிழிகிறது. இளகிய பாலின்மேல் கொழுப்புத் துணுக்குகள் மிதப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, செறிதல். பனிப்படிகம் தூய நீராலேயே அமைகிறது. சர்க்கரையும் உப்பும் புரதமும் அதனுள் இடம்பெறாமல், எஞ்சிய சிறிதளவு நீரில் நெருங்கிச் செறிகின்றன. நாள் செல்லச் செல்ல, இந்நெருக்கத்தில் கேசீன் திரள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நெடுநாள் உறைந்திருந்த பால் இளகியபின் மணல்போல் நெறுநெறுப்பதும் அடியில் வண்டல் படிவதும் இதனால்தான். அது கெட்டதன் அடையாளமன்று. அமைப்புக் குலைந்ததன் அடையாளம்.

இவ்விரு தீங்குகளின் அளவு, உறையும் விரைவைப் பொறுத்தது. மெல்ல உறைந்தால் படிகங்கள் பெரியனவாக வளரும். விரைந்து உறைந்தால் சிறியனவாக நிற்கும். அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, 1910களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாழ்ந்தபோது, அங்குள்ள இனூட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் நொடியில் உறைவதையும், பல நாள் கழித்து இளக்கியபோதும் புதிய மீன்போல் இருப்பதையும் கண்டார். அதன் பயனாக அவர் வகுத்த விரைவுறை முறையில் ஆக்கிய உணவுகள் 1930இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. ஆலையில் உறைந்த பன்னீருக்கும் வீட்டில் உறைந்த பன்னீருக்கும் உள்ள வேறுபாட்டின் மறைபொருள் இதுவே.

மூன்றாவது, எல்லாவற்றினும் தலையாயது: பனி நுண்ணுயிர்களைக் கொல்வதில்லை. அவற்றுள் ஒரு பகுதி இறக்கலாம். பெரும்பகுதி செயலற்றுத் துயில்கின்றன. இதற்குச் சான்று தேடி ஆய்வுக்கூடம் செல்ல வேண்டுவதில்லை. நல்ல தயிரில் இரண்டு கரண்டியை உறைய வைத்து, ஒரு வாரம் கழித்து இளக்கி, வெதுவெதுப்பான பாலில் இட்டுப் பாருங்கள். வழக்கத்தினும் சற்றுத் தாமதமாகவேனும் பால் தோய்ந்துவிடும். தயிரின் நல்லுயிர் பனியில் பிழைக்கிறதெனின், பாயசத்தின் தீயுயிரும் பிழைக்கும் என்பது வெளிப்படை. உறைபெட்டிக்குள் பால் பனியாய் உறைகிறது. நுண்ணுயிர் அதனுள் உறைகிறது, அதாவது தங்கி வாழ்கிறது.

எவை தாங்கும்? எவை தாங்கா?

ஒரு பொதுவிதியை நினைவிற்கொண்டால் நீண்ட பட்டியல் தேவையில்லை. எப்பொருளின் சிறப்பு அதன் சுவையில் உளதோ, அது உறைதலைத் தாங்கும். எப்பொருளின் சிறப்பு அதன் பதத்தில் உளதோ, அது தாங்காது. மீண்டும் உருக்கவோ சமைக்கவோ போகும் பொருளை உறைய வைக்கலாம். அப்படியே உண்ணும் பொருளை உறைய வைத்தல் வீண்.

வெண்ணெய் இவ்வகையில் முதலிடம் பெறுவது. அதில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் கொழுப்பு இருத்தலின், பனியாகும் நீர் மிகக் குறைவு. ஆறு திங்கள் வரையிலும் தரம் குன்றாது நிற்கும். ஆனால் கொழுப்பு அயல்மணத்தை எளிதில் ஈர்க்கும். மீனும் இறைச்சியும் இருக்கும் பெட்டியில் மூடாத வெண்ணெயை வைத்தால், காலையில் ரொட்டியில் மீன்மணம் வீசும். நெய்க்கு உறைபெட்டி வேண்டுவதில்லை. ஈரக்கரண்டி படாமல் மூடிவைத்தலே போதும்.

பால் உறைதலை ஓரளவு தாங்கும். கொழுப்பு குறைந்த பால் நன்கு தாங்கும். கொழுப்பு மிகுந்த பாலில் ஆடைத் துணுக்குகள் பிரியும். ஒருபடித்தாக்கப்பட்ட பாலில் கொழுப்பு உருண்டைகள் முன்னரே மிகச் சிறியனவாக உடைக்கப்பட்டிருத்தலால் பிரிவு குறையும். ஒரு திங்களுக்குள் பயன்படுத்துதல் நன்று. மூன்று திங்களுக்கு மேல் சுவை குன்றும். உறைந்த பால் சற்று மஞ்சள் நிறமாகத் தோன்றினால் அஞ்ச வேண்டா. இளகியதும் வெண்மை மீளும். இப்பால் தேநீருக்கும் பாயசத்துக்கும் ஏற்றது. அப்படியே பருகுவதற்குப் பலருக்கும் பிடிப்பதில்லை.

கோவா நீர் வற்றக் காய்ச்சியது. ஆதலின் உறைதலை நன்கு தாங்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் சுவைக்குக் காரணமான அச்செறிவே இங்கும் காப்பாகிறது. ஆயினும் இனிப்பிட்ட பால்கோவாவின் மென்பதம் சற்றே மாறக்கூடும். இனிப்புச் செய்ய வைத்திருக்கும் சர்க்கரை சேராத கோவாவுக்கு அக்கவலை இல்லை.

பன்னீர் உறைந்து இளகினால் கடற்பஞ்சுபோல் துளைபட்டு, பிசைந்தால் உதிரும். வெதுவெதுப்பான நீரில் சிறிதுநேரம் ஊறவைத்தால் மென்மை ஓரளவு திரும்பும். துளைகளில் மசாலா இறங்குவதால் குழம்புக்கு அது குறையன்று. வறுத்து அப்படியே உண்பதற்குக் குறையே. சீஸ் எனப்படும் பாலாடைக்கட்டியில் கடினவகை உறைந்தபின் உதிரும் இயல்பு பெறுகிறது. ஆதலால் துருவி உறைய வைத்து, உருக்கும் உணவுகளில் இடுதல் தகும். ரொட்டியில் தடவும் மென்வகை உறைந்தால் நீர்விட்டுத் திரிந்துபோகும்.

தயிர் பனியைத் தாங்காது. புரத வலையைப் படிகங்கள் கிழித்துவிடுவதால், இளகியதும் கட்டித்தயிர் ஒருபுறமும் தெளிநீர் ஒருபுறமுமாகப் பிரியும். அதனைச் சோற்றில் பிசைந்து உண்ண இயலாது. மோர்க்குழம்புக்கும், பிரியாணி இறைச்சியை ஊறவைக்கவும் பயன்படும். ஊருக்குச் செல்வோர் உறைமோருக்கென இரண்டு கரண்டித் தயிரை உறைய வைத்துச் செல்லலாம். திரும்பியதும் அண்டைவீட்டுக் கதவைத் தட்ட வேண்டுவதில்லை.

கிரீம் எனப்படும் பாலேடு உறைந்தபின் நுரைக்க அடித்தால் முன்போல் எழாது, குருமாவில் சேர்க்கலாம். அரிசிப் பாயசம், மாவிட்டுக் கெட்டியாக்கிய பால் இனிப்புகள் ஆகியவற்றில் மாப்பொருள் குளிரில் இறுகி நீரை வெளிவிடும்; பருக்கை விறைக்கும். விருந்தில் எஞ்சிய பாயசத்துக்கு ஏற்ற இடம் அன்றே அண்டை அயலார் வீடுகள்தாம், உறைபெட்டியன்று.

ஐஸ்கிரீம் தனிவகை. காற்றைச் சேர்த்துக் கடைந்துகொண்டே உறைய வைப்பதால் அதன் படிகங்கள் மிகச் சிறியன. ஒருமுறை இளகி மீண்டும் உறைந்தால் காற்று போய்விடும். படிகங்கள் பெரிதாகிப் பல்லில் நெறுநெறுக்கும். கடையில் வாங்கிய பெட்டியில் அந்நெறுநெறுப்பைக் கண்டால், அது வழியில் எங்கோ இளகியிருக்கிறது என்று ஐயுறலாம்.

உறைய வைக்கும் முறை

உணவை நெடுநாள் காக்கும் உறைபெட்டியின் குளிர், சுழிக்குக் கீழ் 18 டிகிரி செல்சியஸ் ஆகும். ஒற்றைக் கதவுப் பெட்டிகள் பலவற்றின் மேலறையில் இக்குளிர் நிலைபெறுவதில்லை. அத்தகைய பெட்டி வைத்திருப்போர் மேற்கூறிய கால அளவுகளைப் பெரிதும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க ஒரு கலோரி வெப்பத்தை நீக்கினால் போதும். சுழி டிகிரியில் உள்ள அதே நீரைப் பனியாக்க ஏறத்தாழ 80 கலோரி நீக்க வேண்டும். பெரிய பாத்திரத்துப் பால் நடுவரை உறைய ஒரு பகலும் ஆகலாம். சூடான பாலை நேரே வைத்தால், அது உறையுமுன் பக்கத்திலுள்ள பொருள்களையும் இளக்கிவிடும். ஆகவே காய்ச்சிய பாலைப் பாத்திரத்தோடு தண்ணீரில் வைத்து விரைந்து ஆறச்செய்து, கீழறையில் குளிரவிட்டு, பின்னரே மேலறைக்கு மாற்றுக. பெரும் பாத்திரம் வேண்டா. சிறு பெட்டிகளில் மெல்லிய அடுக்காக வைத்தால் விரைந்து உறையும், படிகம் சிறுக்கும். பனிக்கட்டித் தட்டின் குழிகளில் பாலை உறைய வைத்து, கட்டிகளை ஓர் உறைக்குள் இட்டுக்கொண்டால், தேநீருக்கு வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாம்.

விரிவுக்கு இடம் தருதல் மறவற்க. கலத்தின் வாயில் ஓரங்குல வெற்றிடம் இருக்கட்டும். பிரிக்காத பால் உறையை உறைய வைப்பதாயின், உரிய நாள் கடக்குமுன் மற்றோர் உறைக்குள் இட்டு வைக்க. பனியின் விரிவால் ஓரம் பிரிந்து கசிவதுண்டு. ஒவ்வொரு கலத்தின்மீதும் நாளைக் குறித்து வைத்தல் சிறு செயலாயினும் பெரும்பயன் தருவது. உறைபெட்டியில் எல்லாப் பொருளும் ஒரே வெண்மையாய்த் தோன்றும். நினைவை நம்புதல் தகாது.

இளக்கும் முறை

உறைய வைத்தலினும் இளக்குதலே கூர்ந்து செய்ய வேண்டிய செயல். துயின்ற நுண்ணுயிர் விழிக்கும் வேளை அது. உறைந்த பாத்திரத்தை மேடைமேல் வைத்தால், வெளிப்புறம் முதலில் இளகி அறையின் வெப்பத்தை அடையும். நடுவிலோ பனி நிற்கும். நடுப்பகுதி இளகும்வரை வெளிப்பகுதி பல மணி நேரம் 30 டிகிரிக்கு மேல் காத்திருக்கும். ஏறத்தாழ 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பம் நுண்ணுயிர்கள் பெருகும் எல்லை. அவ்வெல்லையில் உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருத்தலாகாது என்றும், காற்றின் வெப்பம் 32 டிகிரியைக் கடந்தால் ஒரு மணி நேரமே எல்லை என்றும் உணவுப் பாதுகாப்பு வல்லுநர் வரையறுப்பர். நம் ஊரின் சித்திரை வெயிலுக்கு இரண்டாவது எல்லையே பொருந்தும்.

பெருகும் நுண்ணுயிர்களுள் சில, தாம் பெருகும்போதே நஞ்சை உமிழ்கின்றன. தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாலுணவில் புகுந்து பெருகினால் உண்டாக்கும் நஞ்சும், அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நஞ்சும் கொதிநீரின் வெப்பத்துக்கு அழிவன அல்ல. உயிர் அழியும், நஞ்சு நிற்கும். மணத்திலும் நிறத்திலும் சுவையிலும் வேறுபாடு தோன்றாது. மருத்துவர் என்னிடம் கேட்ட வினாவின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. நான் செய்த பிழை ஒன்றன்று, இரண்டு. விருந்தன்று நண்பகல் முதல் இரவுவரை பாயசத்தைக் கூடத்தில் விட்டது முதற்பிழை. பத்து நாள் கழித்து ஆறு மணி நேரம் மேடைமேல் விட்டது இரண்டாம் பிழை. இவ்விரண்டில் எதுவும் நஞ்சுக்குக் காரணமாகலாம். இடைப்பட்ட பத்து நாளும் பனி தன் கடமையைச் செவ்வனே செய்தது. நான் தந்ததை அப்படியே காத்துத் திருப்பித் தந்தது.

ஆதலால் இளக்க வேண்டிய இடம் குளிர்சாதனப் பெட்டியின் கீழறையே. 4 டிகிரியில் இளகும் பால் எப்பகுதியிலும் அவ்வெல்லையைக் கடப்பதில்லை. அரை லிட்டர் பால் இளக ஏறத்தாழ ஒரு நாளாகும். எனவே நாளைய தேவையை இன்றே எண்ணிக் கீழறைக்கு மாற்றுக. கசிவு விழக்கூடுமாதலால் அடியில் ஒரு தட்டை வைக்க. விரைவு வேண்டின், மூடிய உறையைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றி இளக்கி, உடனே காய்ச்சுக. சிறு பால்கட்டிகளை இளக்காமலே பாத்திரத்தில் இட்டுக் காய்ச்சலாம். வெந்நீரில் இளக்குதலும் தகாது.

இளகிய பாலை நன்கு குலுக்கினால் பிரிந்த கொழுப்பு ஓரளவு கலந்துவிடும். அதனைக் கீழறையிலேயே வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் பயன்படுத்துக. கீழறையில் இளகியதை மீண்டும் உறைய வைத்தால் தீங்கு நேராது எனினும் பதம் மேலும் குலையும். வெளியே இளகியதை மீண்டும் உறைய வைத்தல் ஒருபோதும் ஆகாது. வீட்டுக்கு ஒரே விதி போதும்: ஒருமுறை உறைந்தது, ஒருமுறை இளகும்.

மின்சாரம் நின்றால்

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, காவிரிப் படுகையின் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாது போயிற்று. அத்தகைய வேளையில் உறைபெட்டியை என்ன செய்வது? திறவாதிருப்பதே முதற்செயல். திறவாத முழுப் பெட்டி ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும், கீழறை 4 மணி நேரமும் குளிரைக் காக்கும் என்பர். ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிறு மேலறைக்கு இவ்வளவு நேரத்தை எதிர்பார்த்தல் கூடாது.

ஊரில் இல்லாதபோது மின்சாரம் நின்று வந்ததை அறிய எளிய வழி ஒன்றுண்டு. ஒரு குவளை நீரை உறைய வைத்து, பனியின்மேல் ஒரு நாணயத்தை வைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் மேலேயே இருந்தால் நன்று. அடியில் ஆழ்ந்து உறைந்திருந்தால், எல்லாம் இளகி மீண்டும் உறைந்தன என்பது பொருள். அப்போது பாலையும் ஐஸ்கிரீமையும் பாயசத்தையும் வருந்தாமல் கொட்டிவிடுக. வெண்ணெயும் கடினப் பாலாடைக்கட்டியும் பெரும்பாலும் பிழைக்கும்.

நிறைவுரை

உணவை வீணாக்கக் கூடாது என்னும் எண்ணம் உயர்ந்தது. என் வீட்டில் நால்வர் நோயுற்றதும் அவ்வெண்ணத்தினால்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. காக்கும் எண்ணம் மட்டும் போதாது. காக்கும் பொருளின் இயல்பும் தெரிய வேண்டும். பால் புதிதாய் இருக்கும்போதே உறைய வைத்தால் அது சிக்கனம். கெடும் தறுவாயில் உறைய வைத்தால், தீங்கை நாள் குறித்து எடுத்து வைத்தல்.

இப்போது எங்கள் வீட்டு உறைபெட்டியின் ஒவ்வொரு கலத்தின்மீதும் நாள் எழுதிய சிறு சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அன்று நோயுற்ற இளைய மகளே அதனை எழுதுகிறாள். விருந்து முடிந்த அன்று மாலையே பாயசத் தூக்குகள் அண்டை வீடுகளுக்குச் சென்றுவிடுகின்றன. மேடைமேல் ஏதேனும் பனிபிடித்த பாத்திரத்தைக் கண்டால், "இதை யார் எடுத்து வைத்தது?" என்று அவளே முதலில் கேட்கிறாள். அவ்வினா இம்மலரைப் படிப்போர் இல்லங்களிலும் எழுமாயின், இக்கட்டுரை பயன்பட்டதெனக் கொள்வேன்.